அம்மனை நிற்கவைத்த கேட்

பணி நேரத்தில் சாமியாடியதற்காக மெமோ வாங்கிய காவலர், எனக்குத் தெரிந்து, ஒருவர்தான். அவர் என் நிலையத்தில்தான் இருந்தார். பெயர் ராஜேஸ்வரி. மெமோவுக்கு அவர் எழுதிக்கொடுத்த விளக்கம் ஒரே வரி: 'குறிப்பிட்ட நேரத்தில் நான் நானாக இல்லாததால் விளக்கம் தர இயலவில்லை.' எங்கள் இன்ஸ்பெக்டர் அம்மா அதைப் படித்துவிட்டு வெகுநேரம் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, நடவடிக்கை கைவிடப்பட்டது என்று ஓரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ஆட்கடத்தல் தடுப்புப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஏதாவது பயனுள்ளதாக எழுதுங்கள் என்று கேட்டார்கள். பயனுள்ளதை எல்லாம் பயிற்சிக் கல்லூரியில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். நான் ராஜேஸ்வரி சாமியாடிய கதையைச் சொல்கிறேன். இதை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்புத்தான் முதலில் வருகிறது. பயம் கொஞ்சம் தாமதமாக, பின்னாலேயே வந்து சேரும்.

முதலில் ஒன்று. நீங்கள் கொடுத்துவைத்தவர்கள். இன்று ஆட்கடத்தலுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. தண்டனை ஏழாண்டில்தான் தொடங்குகிறது. கடத்தப்பட்டவர் ஒருவருக்கு மேல் என்றால் பத்தில். ஆசை வார்த்தை சொல்லி அழைத்துவந்தாலும் கடத்தல்தான், அந்தப் பெண் சம்மதித்தாள் என்பது செல்லாது என்று சட்டமே சொல்கிறது. எங்கள் காலத்தில், ஒரகடம் பக்கம் தொழிற்சாலைகள் வரிசையாக முளைக்கத் தொடங்கிய அந்த ஆண்டுகளில், சட்டப் புத்தகத்தில் இருந்ததெல்லாம் ஒருவரை 'அடிமையாக' வாங்குவதும் விற்பதும்தான். ஒரகடத்தில் யாரும் யாரையும் அடிமை என்று சொல்லி விற்றதில்லை. ட்ரெய்னி என்பார்கள். ஹாஸ்டல் வசதி உண்டு என்பார்கள். அடிமை என்ற சொல்லுக்காக நாங்கள் காத்திருந்தால் இன்றுவரை ஒரு எஃப்.ஐ.ஆர்.கூடப் போட்டிருக்க முடியாது.

ஆகவே கையில் கிடைத்ததைக் கொண்டுதான் வேலை செய்தோம். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் இருந்தது, அதிகபட்சம் மூன்றாண்டு. பத்து நாளுக்கு மேல் அடைத்துவைத்தால் அதற்கும் மூன்றாண்டுவரை. விருப்பமில்லாமல் வேலை வாங்கினால் ஓராண்டு. அந்த ஓராண்டை ஏஜென்டுகள் வாடகை, கரண்ட் பில் மாதிரி தொழில் செலவில் சேர்த்துக்கொண்டார்கள். மற்ற இரண்டில்தான் கொஞ்சம் பல் இருந்தது. அந்தப் பல் கடிக்கவேண்டுமானால், அந்தப் பெண்களால் வெளியே போக முடியவில்லை என்று நிரூபிக்கவேண்டும். இதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

நான் அப்போது மகளிர் காவல் நிலையத்தில் சப்-இன்ஸ்பெக்டர். ஆடி மாதத்தில் ஒரு சனிக்கிழமை, கூடையில் கதம்பத்தோடு ஒரு அம்மாள் உள்ளே வந்தார். பெயர் கன்னியம்மா. பிள்ளைப்பாக்கத்துக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரில் வீடு வீடாகப் பூ விற்பவர். வந்ததும் யாரையும் கேட்காமல் நாற்காலியில் உட்கார்ந்து, ராஜேஸ்வரியிடம் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, நிலையத்தில் இருந்த சாமி படத்துக்கு ஒரு முழம் பூ வைத்தார். அதற்கு அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தார்.

அவர் ஊர் எல்லையில் புதுக் கட்டடம் ஒன்று. நிலத்தைத் தொழிற்பேட்டைக்கு விற்ற பணத்தில் ஊர்ப் பெரியவர் ஒருவர் கட்டியது. அதை ஓர் ஏஜென்ட் வாடகைக்கு எடுத்து, சிவகங்கைப் பக்கமிருந்து கூட்டிவந்த பெண்களைத் தங்கவைத்திருந்தான். பெரிய கம்பெனியில் வேலை என்று சொல்லி, வீட்டாருக்கு முன்பணம் கொடுத்து அழைத்துவந்த பெண்கள். வேலை கொடுத்ததென்னவோ யார் கண்ணுக்கும் தெரியாத ஒரு ஷெட்டில். வேனில் ஏற்றிப் போவது, வேனில் கொண்டுவந்து அடைப்பது. சம்பளம் முன்பணத்தில் கழிகிறது என்பான். கழிந்து முடிந்ததாக யாரும் கேள்விப்பட்டதில்லை.

வெள்ளிக்கிழமைகளில் கேட் கம்பி வழியாகப் பூ வாங்கும் ஒரு பெண், முந்தின நாள் கன்னியம்மாவின் கையைக் கம்பிக்குள்ளிருந்தே பிடித்துக்கொண்டு விடவில்லையாம். செல்வி என்ற அந்தப் பெண் சொன்னதைக் கன்னியம்மா அப்படியே என்னிடம் சொன்னார்.

"நாயித்துக்கெழம சாயங்காலம் வண்டி வருதாம்மா. ஆந்திராவாண்ட எங்கியோ எறா உரிக்கற கம்பெனிக்கு அத்தினி பேரையும் இட்டுக்கினு போறாங்களாம். அங்க போனா ஊரு பேரு தெரியாது, பாசை தெரியாது. அந்தப் பொண்ணு அழுவக்கூட இல்லம்மா. அதான் எனுக்கு பயமா கீது."

ஞாயிற்றுக்கிழமை என்றால் மறுநாள். எல்லோரும் பதினெட்டைத் தாண்டிய பெண்கள், ஆகவே மைனர் பெண்ணுக்கான பிரிவு எதுவும் உதவாது. வண்டி மாநில எல்லையைத் தாண்டிவிட்டால் செல்வி எங்கே என்று கேட்கக்கூட நமக்கு முகவரி இருக்காது.

நான் உடனே தொப்பியை எடுத்தேன். இன்ஸ்பெக்டர் அம்மா உட்காரச் சொன்னார். போன மாதம் பக்கத்து நிலையத்தார் இதே மாதிரி ஓர் இடத்துக்கு ஜீப்பில் போனார்கள். ஜீப் திரும்பும்போதே தகவல் போய்விட்டது. சாவி இல்லை, முதலாளி இல்லை என்று வாட்ச்மேன் வாசலில் இழுத்தடித்த நேரத்தில், பின்பக்க வேலி வழியாக ஆட்களை ஏற்றி அனுப்பிவிட்டார்கள். நம்மவர்கள் உள்ளே போய்ச் சாப்பிட்ட தட்டுகளைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள்.

இன்னொரு தொல்லையும் இருந்தது. சோதனைக்கு உள்ளே போனால் அந்தப் பகுதியைச் சேர்ந்த, சார்பற்ற, மரியாதைக்குரிய இரண்டு பேர் சாட்சியாகக் கூட வரவேண்டும். அந்த ஊரில் மரியாதைக்குரியவர்கள் நிறைய. அத்தனை பேரும் வீட்டுக்காரரின் மாமன், மச்சான், பங்காளி. சார்பற்றவர்களைத் தேடினால் ஊரில் இரண்டு கழுதைகள் தேறும்.

"நாளைக்கு எங்கூர்ல கரகம் வருதும்மா" என்றார் கன்னியம்மா, பூவைக் கட்டிக்கொண்டே.

எனக்கு எரிச்சலாக வந்தது. இங்கே தலை போகிற பிரச்சினை, இவர் திருவிழாவுக்குப் பத்திரிகை வைக்கிறார் என்று நினைத்தேன். அவர் நிதானமாக விளக்கினார். ஆடித் திருவிழாவில் அம்மன் கரகம் ஒவ்வொரு வாசலுக்கும் வரும். வாசலுக்கு வந்தால் அந்த வீட்டில் இருக்கும் அத்தனை பேரும் வெளியே வந்து நிற்கவேண்டும். கரகம் எடுப்பவர் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றவேண்டும். பூசாரி வேப்பிலையால் தலையில் தட்டித் திருநீறு பூசுவார். ஒருத்தர் உள்ளே மிச்சமிருந்தாலும் கரகம் நகராது.

"பூட்டின வீடாக இருந்தால்?" என்று கேட்டேன்.

"கரகம் வர்றப்ப எவன்மா வாசலப் பூட்டுவான்?" என்றார்.

இன்ஸ்பெக்டர் அம்மா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். ராஜேஸ்வரி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நாம் உள்ளே போகவேண்டியதே இல்லை. அவர்களே வெளியே வருவார்கள். சோதனையும் இல்லை, வாரன்ட் பேச்சும் இல்லை, சாட்சிக்கு ஊரே நிற்கும்.

ஆனால் அதற்கு மறுநாள் நடுப்பகல்வரை காத்திருக்கவேண்டும். வண்டி சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டால்? இப்போதே போனால் தவறவிட வாய்ப்பு; காத்திருந்தாலும் தவறவிட வாய்ப்பு. இன்ஸ்பெக்டர் அம்மா, முடிவு உன்னுடையது, தப்பானால் மெமோ இரண்டு பேருக்கும் என்று சொல்லிவிட்டார். தம்பி தங்கைகளே, இந்த மாதிரி நேரத்தில் எந்தப் பிரிவு, என்ன தண்டனை என்று புத்தகத்தைப் புரட்டாதீர்கள். அந்தப் பெண் இந்த நிமிடம் எங்கே இருக்கிறாள், எந்த வழியாக அவளைக் கொண்டுபோக முடியும் என்பதை மட்டும் யோசியுங்கள். அந்தக் கட்டடத்திலிருந்து பெரிய சாலைக்கு வருவதற்கு ஒரே வழிதான். அந்தத் திருப்பத்தில் இரண்டு காவலர்களை லுங்கியோடு பஞ்சர் கடையில் உட்காரவைத்தேன். வேன் எதுவாக இருந்தாலும் பிரேக் சரியில்லை, லைட் எரியவில்லை என்று ஏதாவது சொல்லி நிறுத்தவேண்டும் என்று ஏற்பாடு. அதற்குப் பிறகு, காத்திருப்பது என்று முடிவெடுத்தேன். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை என்பதைத் தனியாகச் சொல்லவேண்டியதில்லை.

மறுநாள் காலையில் நானும் ராஜேஸ்வரியும் இன்னும் இரண்டு பெண் காவலர்களும் மஞ்சள் புடவையில் போய் இறங்கினோம். கையில் வேப்பிலை, நெற்றியில் பெரிய பொட்டு. கன்னியம்மா என்னைத் தெருவில் நடக்கச் சொல்லிப் பார்த்தார்.

"நீ இப்டி நடந்தீனா அம்மனே பயந்துக்கும்மா. கைய வீசாத. கொஞ்சம் இடுப்ப ஆட்டிக்கினு சோம்பலா நட" என்றார்.

வேலைகளைப் பிரித்துக்கொடுத்திருந்தேன். பெண்கள் வெளியே வந்ததும் கூட்டத்தோடு கூட்டமாகத் தெருவின் இந்தப் பக்கம் நகர்த்துவது என் வேலை. ஏஜென்டைப் பிடிப்பது மற்ற இருவரின் வேலை. கேட்டைத் திறந்ததும் பூட்டையும் சங்கிலியையும் கைப்பற்றி, கைப்பற்றிய விவரத்தை அங்கேயே மகஜராக எழுதி இரண்டு பேரிடம் கையெழுத்து வாங்குவது ராஜேஸ்வரியின் வேலை. இருப்பதிலேயே நிதானமானவர் அவர்தான் என்பதால் இருப்பதிலேயே முக்கியமான வேலையை அவரிடம் கொடுத்தேன்.

கரகம் கிளம்பியது. பம்பையும் உடுக்கையும் காதைப் பிளந்தன. அந்த ஆண்டு கரகம் எடுத்தவர் ஒரு கம்பெனியில் ஆபரேட்டர். சூப்பர்வைசர் லீவு தராததால் ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு வந்திருந்தார். மதியத்துக்கு மேல் லைனில் நிற்கவேண்டும். ஆகவே அம்மன் அன்று கொஞ்சம் அவசரத்தில் இருந்தாள். ஒவ்வொரு வாசலிலும் ஆடி முடித்ததும் அவர் பம்பைக்காரரிடம் பல்லைக் கடித்துக்கொண்டு, "சீக்கிரம் அட்ச்சினு வாப்பா" என்று சொல்வது எனக்கு மட்டும் கேட்டது. வாசலுக்கு வாசல் மஞ்சள் தண்ணீர் கொட்டித் தெருவே சேறாகிவிட்டது. கூட வந்த பெண்கள் குலவையிட, நாங்களும் குலவையிட்டோம். பயத்தில் நான் இட்ட குலவை கூட்டத்திலேயே நன்றாக இருந்தது என்று பிற்பாடு கன்னியம்மா சொன்னார்.

அந்தக் கட்டடத்தின் முன்னால் கரகம் போய் நின்றது. உயரமான இரும்பு கேட். வெளியே சங்கிலி, சங்கிலியில் கைப்பிடி அளவுக்குப் பூட்டு. முக்காலியில் உட்கார்ந்திருந்த வாட்ச்மேன் எழுந்து கன்னத்தில் போட்டுக்கொண்டான். அவனிடம் சாவி இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஏஜென்ட் பூட்டிவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விடுவானாம்.

அம்மன் காத்து நின்றாள். கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. கட்டடத்தின் சொந்தக்காரர், புது வேட்டியும் தோளில் துண்டுமாகக் கரகத்துக்கு முன்னால் பெருமையாக வந்தவர், வியர்த்துப்போய் இங்கும் அங்கும் ஓடினார். ஏஜென்டைக் கூட்டிவரப் பைக்கில் ஆள் அனுப்பினார். கரகம் எடுத்தவருக்குக் கழுத்து வலி, வெயில், ஷிஃப்ட் வேறு. பம்பைக்காரர் அடியைக் கூட்டினார். கேட் கம்பிக்குப் பின்னால் பெண்களின் முகங்கள் ஒன்றின்மேல் ஒன்றாகத் தெரிந்தன.

அந்த நேரம் பார்த்து யாரோ சொன்னார்கள், வாசல்லயே கும்பிட்டுட்டு அடுத்த வீட்டுக்குப் போயிடலாம் என்று. இன்னும் இரண்டு பேர் ஆமாம் என்றார்கள். வீட்டுக்காரர் முகத்தில் உயிர் வந்தது. எனக்குப் போய்விட்டது. கரகம் நகர்ந்தால் எல்லாம் முடிந்தது. அடையாள அட்டையை எடுத்து நீட்டி நான் போலீஸ் என்று சொல்லிவிடலாமா என்று இடுப்பில் கை வைத்தேன். சொன்னால் ஏஜென்ட் வரமாட்டான், சாவியும் வராது.

அப்போதுதான் எனக்குப் பக்கத்தில் ஓர் அலறல் கேட்டது. திரும்பினேன். ராஜேஸ்வரி. கூந்தல் அவிழ்ந்து, கண் செருகி, வேப்பிலையைப் பல்லில் கடித்துக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தார். கூட்டம் விலகி வட்டமாயிற்று. பூசாரி ஓடிவந்து கற்பூரம் காட்டி, யாரு வந்திருக்கறது, என்ன வேணும் தாயே என்று கேட்டார். ராஜேஸ்வரி கேட்டைக் காட்டினார்.

"எம் பொண்ணுங்க உள்ள கீறாங்கடா. தொறக்காம இந்த எடத்த வுட்டுப் போவமாட்டேன்" என்றார்.

அவர் வேலூர்க்காரர்தான், ஆனாலும் நிலையத்தில் ஒருநாளும் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. ஊரே கையெடுத்துக் கும்பிட்டது. நானும் கும்பிட்டேன். அது நடிப்பா, நிஜமா என்று கேட்பீர்கள். ஓய்வு பெறும்வரை வருடத்துக்கு ஒருமுறையாவது நான் அவரிடம் கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும், "மேடம், அதான் மெமோவுலயே எழுதிட்டேனே" என்பார்.

ஏஜென்ட் பைக்கில் வந்து இறங்கினான். கூட்டத்தைப் பார்த்தான், சாமியைப் பார்த்தான், வீட்டுக்காரரின் முகத்தைப் பார்த்தான். சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்தான். பெண்கள் வெளியே வந்தார்கள். மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள், தலையில் வேப்பிலையடி வாங்கினார்கள். நான் ஒவ்வொருத்தியாகத் தோளில் கை வைத்துத் தெருவின் இந்தப் பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தேன். கடைசியாக வந்த ஒல்லிப் பெண்ணைப் பார்த்ததும் கன்னியம்மா, இவள்தான் என்று கண்ணைக் காட்டினார். செல்வியின் காதில் நான் போலீஸ் என்று சொன்னேன். அவள் என் மஞ்சள் புடவையை மேலும் கீழும் பார்த்துவிட்டு நம்பவே இல்லை. நல்ல பெண் என்று அப்போதே முடிவுசெய்தேன்.

பிடிக்கவேண்டியவனைப் பிடித்தோம். பூசாரி பழக்கத்தில் ஏஜென்டின் நெற்றியிலும் திருநீறு பூசிவிட்டதால், பக்தி மணக்க வந்து ஜீப்பில் ஏறினான். சாயங்காலம் வந்த வேனையும் பஞ்சர் கடைக்காரர்கள் மடக்கிவிட்டார்கள். மதியம் ஜீப்புக்குப் பின்னால் வந்த எங்கள் வண்டியில் பெண்கள் ஒருத்தி மடியில் ஒருத்தி உட்கார்ந்துகொண்டு, ஈரப் புடவையோடு வழியெல்லாம் சிரித்தார்கள். எதற்குச் சிரிக்கிறோம் என்று தெரியாத சிரிப்பு. என் வாழ்க்கையிலேயே அவ்வளவு சந்தோஷமாக ஒரு வண்டி ஓடி நான் பார்த்ததில்லை.

நிலையத்துக்கு வந்ததும் இன்ஸ்பெக்டர் அம்மா எல்லோருக்கும் டீ சொன்னார். டீ வந்தது. ஒரு வாய் குடித்துவிட்டு, "பூட்டு எங்க?" என்று கேட்டார்.

பூட்டைக் கைப்பற்றவேண்டியது ராஜேஸ்வரி. பூட்டு திறந்த நேரத்தில் அவர் அம்மனாக இருந்தார். அம்மன் மகஜர் எழுதுவதில்லை.

ஓடினோம். அதற்குள் கேட் அகலத் திறந்து கிடந்தது. சங்கிலியும் இல்லை, பூட்டும் இல்லை, வாட்ச்மேனும் இல்லை. மறுநாள் பெண்களைக் கோட்டாட்சியர் முன் நிறுத்தி விடுதலைச் சான்று வாங்கினோம். அது அவர்களை விடுவிக்கும், அவனைத் தண்டிக்காது. வழக்கை நடத்தவிருந்த அரசு உதவி வழக்கறிஞர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, எதிர்த்தரப்பு சொல்லப்போவதை அன்றே சொல்லிக்காட்டினார். முன்பணம் எல்லாக் கம்பெனியும் கொடுப்பதுதான். பெண்கள் தாமாகவே வந்தார்கள், தாமாகவே தங்கினார்கள். திருவிழா என்றதும் தாமாகவே வெளியே வந்து சாமி கும்பிட்டார்கள், அதைப் போலீசே பார்த்திருக்கிறது. இதில் அடைத்துவைத்தது எங்கே? நாங்கள் சாமர்த்தியமாக நினைத்த திட்டமே எங்கள் கழுத்தில் விழுந்த கயிறாகிவிட்டது.

போலீசும் அந்தப் பெண்களும் பூட்டைப் பார்த்தோம் என்றால், வழக்குக்கு வேண்டியவர்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்பார்கள்; அதனால் ஊரில் போய்க் கேட்டோம். பூட்டைப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. கரகத்தைத்தான் பார்த்தார்களாம். கன்னியம்மா மட்டும் தைரியமாகக் கூண்டில் ஏறினார். வாட்ச்மேனுக்கும் அவருக்கும் பூ விலையில் பழைய சண்டை இருந்ததை எதிர்த்தரப்பு வக்கீல் பிடித்துக்கொண்டு, விரோதத்தில் சொல்கிறார் என்று முடித்துவிட்டார்.

இதற்கிடையில் ஏஜென்ட் ஜாமீனில் வந்து, செல்வியின் ஊரில் ஒரு கதையைப் பரப்பிவைத்தான். வாங்கிய பணத்தைக் கொடுக்காமல் ஓடப்பார்த்தாள், பிடிபட்டதும் போலீசில் பழி போட்டாள் என்று. ஊர் நம்பியது. அவளுடைய அப்பாவே பாதி நம்பினார். நல்லது கெட்டதற்குக்கூட அவளை வரவேண்டாம் என்று சொல்லியனுப்பினார்கள். அவள் சிங்கப்பெருமாள் கோவில் என்ற ஊரில் இரண்டு தோழிகளோடு வாடகை அறையில் தங்கி, வேறொரு கம்பெனியில் ஒழுங்கான வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஷேர் ஆட்டோ பிடித்து வந்துவிடுவாள். அவன் விடுதலையானால் செல்வி ஆயுசுக்கும் பொய்க்காரி. எனக்கு அவன் ஜெயிலுக்குப் போவது முக்கியம். அவளுக்கு ஊர் தன்னை நம்புவது முக்கியம்.

அடுத்த ஆடியும் வந்து போனது. அதற்குப் பிறகு எதிர்த்தரப்பு தன் சாட்சியாகக் கட்டடத்தின் சொந்தக்காரரைக் கூண்டில் ஏற்றியது. அவர் தனியாக வரவில்லை. தன் செல்வாக்கைக் காட்ட ஊரிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்களைக் கூட்டிவந்து நீதிமன்றத்தின் பின்பெஞ்சுகளை நிரப்பியிருந்தார். கேட்டுக்குப் பூட்டே கிடையாது, எப்போதும் திறந்தே இருக்கும் என்று கணீரென்று சொன்னார்.

அன்று காலைதான் நீதிமன்ற வாசலில் கன்னியம்மா எனக்கு ஊர்க்கதை சொல்லிக்கொண்டிருந்தார். போன மாதத் திருவிழாவில் அந்தப் பெரியவருக்கு ஊர் முதல் மரியாதை தரவில்லையாம். அம்மனை வாசலில் நிற்கவைத்த வீட்டுக்காரன் கையால் கரகத்துக்கு மாலையா என்று பூசாரியே மறுத்துவிட்டாராம். மனுஷன் அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லையாம். நான் அதை ஊர் வம்பு என்று கேட்டுச் சிரித்துவிட்டு விட்டிருந்தேன். அவர் பூட்டே இல்லை என்று சொன்ன நொடியில்தான் எனக்குப் பளிச்சென்றது. எங்கள் வழக்கறிஞரின் அருகில் குனிந்து விஷயத்தைச் சொன்னேன். அவர் வழக்கமாகப் பாதித் தூக்கத்தில் இருப்பவர் போலத்தான் தெரிவார். எழுந்தபோதும் அப்படியேதான் எழுந்தார்.

பூட்டைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. திருவிழாவைப் பற்றிக் கேட்டார். நீங்கள்தான் வருடாவருடம் முதல் மாலை போடுபவராமே என்றார். பெரியவர் மார்பை நிமிர்த்தி ஆமாம் என்றார். இந்த வருடமும் போட்டீர்களா என்றார். பின்பெஞ்சில் யாரோ இருமினார்கள்.

"அன்னைக்குக் கரகம் உங்க வாசல்ல ரொம்ப நேரம் காத்து நின்னுச்சாமே. நீங்கதான் வேணும்னே அம்மனை நிக்க வெச்சீங்கன்னு ஊர்ல பேசிக்கறாங்களே, உண்மையா?" என்றார் வழக்கறிஞர்.

எதிர்த்தரப்பு வக்கீல் ஆட்சேபித்து எழுந்தார். பெரியவர் அவரைக் கவனிக்கவே இல்லை. அவர் பார்த்தது நீதிபதியையும் அல்ல. கூண்டின் கட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பின்பெஞ்சில் இருந்த தன் ஊரைப் பார்த்துப் பேசினார்.

"நானா நிக்க வெச்சேன்? எங்க அம்மாவ நானா நிக்க வெப்பேன்? சாவி என்னாண்ட எங்க இருந்துச்சி? நாயித்துக்கெழம ஆனா வெளிய பூட்டிக்கினு, சாவிய எட்த்துக்கினு போயிடுவாரு அந்தாளு. ஆளுங்க உள்ள கீறப்ப பூட்டாதன்னு எத்தினி தபா சொல்லிக்கிறேன். அவுரு பண்ண பாவத்துக்கு எனுக்கு ஏன்யா மால இல்லன்றீங்க?"

சொல்லி முடித்ததும், தான் என்ன சொன்னோம் என்பது அவருக்குப் புரியவில்லை. பின்பெஞ்சில் இருந்த பூசாரி தலையை ஆட்டியது மட்டும்தான் அவர் கண்ணில் பட்டது. முகம் மலர்ந்துவிட்டது. எதிர்த்தரப்பு வக்கீல் மெல்ல உட்கார்ந்தார். எங்கள் வழக்கறிஞர், வேறு கேள்வி இல்லை என்று சொல்லிவிட்டு மறுபடியும் தூங்கும் முகத்தைப் போட்டுக்கொண்டார். நீதிபதி தலை நிமிராமல் எழுதிக்கொண்டே இருந்தார். எனக்கு எழுந்து குலவையிடவேண்டும் போலிருந்தது.

இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது இரண்டு. பூட்டு, சங்கிலி, கொக்கி எது கண்ணில் பட்டாலும் முதலில் அதைக் கைப்பற்றுங்கள், அப்புறம் சாமி கும்பிடலாம். இன்னொன்று, பொய் சொல்ல வந்திருக்கும் சாட்சியைப் பொய்யைப் பற்றிக் கேட்காதீர்கள். அதைவிடப் பெரிதாக அவருக்கு எது வலிக்கிறது என்று கண்டுபிடித்து அதைக் கேளுங்கள். அந்தப் பெரியவர் கெட்டவர் இல்லை. வாடகைக்கு ஆசைப்பட்டுக் கண்ணை மூடிக்கொண்டவர், அவ்வளவுதான். நம் தொழிலில் நாம் பார்க்கும் முக்கால்வாசிப் பேர் அந்த ரகம்தான்.

தீர்ப்பு நாளன்று செல்வியின் அப்பா சிவகங்கையிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார். மகளுக்குப் பக்கத்தில் நிற்காமல் தூண் ஓரமாகத் தள்ளியே நின்றார். கொத்தடிமையாக வைத்தது, அடைத்துவைத்தது என்ற இரண்டு குற்றங்களும் நிரூபணமாயின, ஏககாலத்தில் மூன்றாண்டு என்று நீதிபதி படித்தார். பெண்கள் சொன்னது முழுவதும் நம்பத்தக்கது என்றும் ஒரு வரி படித்தார். எனக்கு அந்த வரிதான் தண்டனையைவிடப் பெரிதாகப் பட்டது. அதன்பின் அந்தத் தூணிலிருந்து செல்வியின் அப்பா மெல்ல நகர்ந்துவந்து மகளின் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். பையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

வெளியே வராந்தாவில் செல்வி என்னிடம் வந்தாள். உள்ளே இங்கிலீஷில் படித்தது அவளுக்கு முழுதாக விளங்கவில்லை.

"எத்தன வருசம்க்கா போட்டாய்ங்க?"

மூன்று என்று சொன்னேன். சொல்லும்போதே எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. இவ்வளவு பட்டவளுக்கு வெறும் மூன்றா என்று கேட்டுவிடுவாளோ என்று, அதுதான் சட்டத்தின் உச்சவரம்பு என்று விளக்கத் தயாரானேன். அவள் விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். உதட்டைக் கடித்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்துத் தொடப்போனேன்.

"எங்களக் கூட்டியாரப்பவும் மூணு வருசந்தேன்னு சொன்னாய்ங்க. ஹாஸ்டலு, சாப்பாடு எல்லாம் ஃபிரீன்னு. அவருக்கும் அதே ஸ்கீமா? நடுவுல எவளையும் சாமியாட விட்றாதீங்கக்கா."

முதலில் சிரித்தது ராஜேஸ்வரி. பிறகு பெண்கள் எல்லோரும். கன்னியம்மா கூடையைக் கீழே வைத்துவிட்டு இடுப்பில் கைவைத்துக்கொண்டு சிரித்தார். விஷயம் புரியாமலே செல்வியின் அப்பாவும் மகள் முகத்தைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினார். உள்ளே அடுத்த வழக்கு நடந்துகொண்டிருந்ததால் டவாலி வெளியே ஓடிவந்து, யாரும்மா அது கோர்ட்டில் சத்தம் போடுவது என்று அதட்டினார். சீருடையில் இருந்த நான்தான் அவர்களை அடக்கியிருக்கவேண்டும். சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தவளே நான்தான்.